கருணைச் சங்கம் கொடுத்த மாடு

மே 12, வெசாக் போயா (பௌர்ணமி)

இன்று தோட்டத்து மைதானத்தில் இருந்தவர்கள்: கோழிப்பண்ணை அரியதாச முதலாளி, அவர் பெண்சாதி, அவர்களுடைய கருணைச் சங்கத்து வெள்ளை உடுப்புக்காரர்கள், கீழே பன்சலை என்கிற புத்த கோயிலில் இருக்கிற பிக்கு சுமன சாது, யூனியன் தலைவர் பெரியண்ணன், சிங்களத்தைத் தமிழாக்க வந்த பரமசிவம் மாஸ்டர், ஒரு போட்டோக்காரன், என் மகன் தவராஜ், அவன் பெண்சாதி சௌந்தரி, என் பேத்தி டிலக்சி, நான் வீராயி, ஒரு மாடு. மற்றபடி நரிக்கல் தோட்டத்து மேல்பிரிவுச் சனம் முழுக்க இருந்தது. வராதவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா மாரியாயி. அவள் என் மகன் கல்யாணத்துக்கும் வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக வரும், ஞாபகம் கோணாது. இந்த டயரி டிலக்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. "எனக்கு எதுக்கு அப்பாயி, ஒங்களுக்குத்தான் யார் என்ன செஞ்சாங்கன்னு எழுத நெறைய இருக்கு" என்று கொடுத்துவிட்டாள். பிள்ளைக்குக் குசும்பு. தாய் வழி.

விசயம் இதுதான். கசாப்புக்குப் போகிற மாட்டைக் காசு கொடுத்து மீட்டு, ஏழைக் குடும்பம் ஒன்றிடம் வளர்க்கக் கொடுத்தால் புண்ணியமாம். அபயதானம் என்று பேர். முதலாளியின் தாயார் படுக்கையில் கிடக்கிறார், அவர் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக இந்த மாடு. மாட்டின் கழுத்தில் பூமாலையும் மணியும், நெற்றியில் சந்தனம். என் கல்யாணத்தில் எனக்கு மாலை மட்டும்தான். சந்தனத்தை மாமியார் கண்ணில் காட்டவில்லை.

முதலாளி பேசினார். எறும்பு போனாலும் நின்று வழிவிட்டுத்தான் நடப்பாராம். அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் அவருடைய பண்ணை லொறி போனது. கூடை கூடையாகக் கோழி. ஓர் இறகு பறந்து வந்து மாஸ்டரின் வழுக்கையில் உட்கார்ந்தது. மாஸ்டர் அப்போது 'கருணை' என்பதைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு நிபந்தனை வாசித்தார்கள். மாட்டை விற்கக்கூடாது, வெட்டக் கொடுக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, வயதானால் தள்ளி வைக்கக்கூடாது, சாகும்வரை வைத்துத் தீனி போட வேண்டும். என்னைப் பற்றி என் மகனிடம் யாரும் இப்படி வாக்கு வாங்கியதில்லை.

யாருக்கு வேண்டும் என்று கேட்டதும் தவராஜ்தான் முதலில் கையைத் தூக்கினான். என் மகன் எதிலும் முந்திக்கொள்வான். கறவை மாடு என்று நினைத்துவிட்டான். போட்டோ எடுத்து முடிந்த பிறகுதான் மாஸ்டர் மெல்லச் சொன்னார், அது வற்றிப்போன மலட்டு மாடு என்று. பக்கத்தில் நின்ற சௌந்தரி முன்பே கேட்டுச் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா?

மே 13

மாடு என் போஞ்சிக் கொடியைத் தின்றுவிட்டது.

மே 14

லீக்ஸையும்.

மே 20

மாட்டுக்குக் கொட்டில் போட்டாயிற்று. தவராஜுக்கு இடுப்பு வலி. அவன் லயத்து வாசலில் உட்கார்ந்து எப்படிப் போடுவது என்று சொன்னான், நானும் சௌந்தரியும் போட்டோம். என் மகன் சொன்னபடி செய்ததால்தான் நேராக நிற்கிறது.

சங்கத்துக்காரர்கள் மாட்டுக்கு 'மைத்ரி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரைச் சொன்னால் அது திரும்பியும் பார்ப்பதில்லை. நான் 'முதலாளியம்மா' என்று கூப்பிடுகிறேன். வேலை செய்யாமல் தின்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அதற்கு மட்டும் காது ஆடுகிறது.

சௌந்தரி அரியதாச முதலாளியின் பண்ணையில் கோழி உரிக்கிறாள். கோழி இருக்கிற கொட்டகையில் காற்றாடி சுற்றுமாம், உரிக்கிற கொட்டகையில் கிடையாதாம். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் மாட்டிடம் போகிறாள். "மாடு மோந்து பாக்குது மாமி, கூச்சமா இருக்கு" என்கிறாள். நன்றாக நடிக்கிறாள்.

ஜூன் 10, பொசன் போயா

சங்கம் மாட்டைப் பார்வையிட வந்தது. மாட்டின் விலா எலும்பு தெரிகிறதாம், முதலாளியின் பெண்சாதி முகத்தைச் சுளித்தார். என் விலா எலும்பும் தெரிகிறது, ரவிக்கை போட்டு மறைத்திருக்கிறேன்.

பன்சலையில் போதனைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரிய சாது ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார், மாஸ்டர் தமிழாக்கினார். ஒரு தாய் தன்னுடைய ஒரே பிள்ளையை எப்படி உயிரைக் கொடுத்தும் காப்பாளோ, அப்படி எல்லா உயிரையும் பார்க்க வேண்டுமாம். பூச்சி, புழு, பாம்பு, கண்ணுக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும். வெள்ளை உடுப்புக்காரர்கள் 'சாது, சாது' என்று, நல்லது நல்லது என்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரே பிள்ளையைப் பெற்றவள் அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன், என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: எல்லா உயிரையும் அப்படிப் பார்க்க முடியாது ஐயா, அந்த ஒன்றைப் பார்க்கவே என் ஆயுசு போய்விட்டது.

அட்டையைக்கூடக் கொல்லக்கூடாது என்றார். தேயிலை மலையில் மூன்று தலைமுறையாக அட்டைக்கு இரத்த தானம் செய்கிறவர்கள் நாங்கள். இதுவரைக்கும் ஒரு மாலை வந்து விழவில்லை.

ஜூன் 25

சுமன சாது வந்தார். கீழ்ப் பன்சலையில் தனியாக இருக்கிறவர். பருத்த ஆள், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். தானத்துக்கு வந்த சோற்றில் மிச்சத்தை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மாட்டுக்காம்.

கொட்டிலுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"அம்மா, இவங்க முட்டுறதா?"

"முட்டாது சாது. கிட்ட வாங்க."

"சின்ன வயசில ஒருத்தங்க என்னை முட்டினது." இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க."

மாட்டுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிற ஆளை இன்றுதான் பார்த்தேன். வாளியைத் தரையில் வைத்து, ஒரு குச்சியால் மாட்டுப்பக்கம் தள்ளினார். மாடு தலையை நீட்டியதும் இரண்டு எட்டு பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தார். டிலக்சி சிரித்தாள், அவரும் சிரித்தார். எல்லா உயிருக்கும் கருணை காட்டுகிறவர் மாட்டுக்குப் பயப்படலாமா என்று கேட்டேன்.

"பயமும் இருக்கு, கருணையும் இருக்கு. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கு அம்மா."

நல்ல சமாளிப்பு.

ஜூலை 6

ஒரு கிழமையாக விடாத மழை. மாட்டுக்குச் சாக்கு போர்த்திவிட்டேன். மாடு நனைந்தால் நாற்றம் வீட்டுக்குள் வரும், அதற்காகத்தான். கஞ்சித் தண்ணீரையும் அதற்குத்தான் வைக்கிறேன், மழையில் வெளியே போய்க் கொட்ட வழியில்லை. சௌந்தரி ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

அடுப்படியில் புகை அதிகம் என்பதால் கொஞ்ச நேரம் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மாடு என் முந்தானையைச் சப்பியது. அடிக்கக்கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் விட்டுவிட்டேன்.

ஜூலை 17

இன்றைய சேதியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

காலையில் மலையூற்றுப் பீலித் தண்ணீரைப் பிடித்து மாட்டுக்கு வைத்தேன். பனித்தண்ணீர் மாதிரிக் குளிர். மாடு ஒரே மூச்சில் குடித்தது. வலப் பக்க வயிற்றில் கை வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து பதிலுக்கு ஒன்று இடித்தது. கையை எடுத்தேன். திரும்ப வைத்தேன். திரும்ப இடித்தது.

சினை மாடு. மலடு என்று மாட்டுத் தரகன் தள்ளிவிட்ட மாடு, மலடு என்று முதலாளி வாங்கிய மாடு, மாலை போட்டு போட்டோ எடுத்த அத்தனை பேருடைய கண்ணுக்கும் தெரியாமல் ஓர் உயிரைச் சுமந்துகொண்டு எங்கள் வாசலில் நின்றிருக்கிறது. முதலாளி ஓர் உயிருக்குக் காசு கொடுத்து இரண்டு உயிரின் புண்ணியத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வியாபாரி என்றால் வியாபாரிதான்.

சௌந்தரியிடம் சொன்னால் ஊர் முழுக்கப் போகும். டிலக்சி பிள்ளை. அதனால் தவராஜிடம் மட்டும் சொன்னேன். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நெசமாவா?"

"என் கையில ஒதைச்சுச்சுடா."

"எத்தன மாசம் இருக்கும்?"

"வர்ற தீவாளிக்கு முன்னால கண்ணு நிக்கும்."

"அப்ப நல்லா வயிறு கனத்திருக்கும்ல?"

என் மகனுக்கு எவ்வளவு அக்கறை. எழுந்து போய்க் கொட்டிலில் நின்று மாட்டை முன்னாலும் பின்னாலும் பார்த்தான். இந்த இரண்டு மாதத்தில் அவன் அந்தப் பக்கம் போனது இன்றுதான். கன்று பிறந்தால் பால் கிடைக்கும், டிலக்சியின் முகத்தில் கொஞ்சம் சதை பிடிக்கும். சீம்பால் முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு, பிறகு தவராஜுக்கு. சௌந்தரிக்கும் ஒரு வாய் கொடுக்கலாம்.

ஜூலை 29

சுமன சாதுவுக்கு மாட்டைத் தொட தைரியம் வந்துவிட்டது. வாலை மட்டும் தொட்டார்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

மாரியம்மன் கோயிலில் பால்குடம். நான் எடுத்தேன், சௌந்தரி எடுத்தாள், டிலக்சி கூட நடந்தாள். தவராஜ் இடுப்பு வலி என்று வீட்டில் இருந்தான், மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். யூனியன் தலைவர் குடம் எடுக்காமல் குடத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அம்மனிடம் கன்று சுகமாகப் பிறக்க வேண்டிக்கொண்டேன். பசுங்கன்றாக இருக்கட்டும் என்றும் சொன்னேன். காளைக்கன்று என்றால் அதற்கும் ஒரு சங்கம் தேட வேண்டும்.

திரும்பி வந்தபோது கொட்டில் காலி. தவராஜ் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மேயக் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பெரிய பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தானாம், கீழே அசைவே இல்லையாம்.

என் பிள்ளை முகம் வெளிறிப்போயிருந்தது. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4

கயிறு பழசு. மாற்று மாற்று என்று நான் சௌந்தரியிடம் எத்தனை தரம் சொன்னேன். கோழி உரிக்கிற கைக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? காலையிலிருந்து சாயங்காலம்வரை அவளைத் திட்டினேன். கடைசியில் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"அறுந்த கயிறுன்னா, மொளக்குச்சியில ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கணுமே மாமி?"

எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, நிகினி போயா

சுமன சாது வந்தார், மாட்டின் உடலுக்குப் பக்கத்தில் நின்று பிரித் மந்திரம் சொல்ல வேண்டுமாம். பள்ளம் செங்குத்து, மழையில் பாசி வேறு. வேண்டாம் என்று நானே சொன்னேன். மேலேயிருந்து சொன்னாலும் மாட்டுக்குக் கேட்காதா? அவர் கேட்கவில்லை. காவியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். தவராஜ், "வேணாம் சாது, நாறிப்போயிருக்கும்" என்று மேலே நின்று கத்தினான். மற்றவர் மேல் என் மகனுக்கு அவ்வளவு கரிசனம்.

ரொம்ப நேரம் கழித்து ஏறி வந்தார். கால் முழுக்கச் சேறு, அட்டை. ஒன்றையும் பிடுங்கவில்லை, அதுவாகக் குடித்து விழட்டும் என்று விட்டிருந்தார். பயித்தியக்கார மனுசன்.

"அம்மா, கீழ மாடு இல்ல."

"சரியாப் பாத்தீங்களா?"

"எல்லா இடமும் பாத்தேன். செடி உடையல்ல. இரத்தம் இல்ல. ஒண்ணும் விழல்ல அம்மா."

"சிறுத்தை இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றான் தவராஜ்.

"கழுத்து மணியையும் தின்னுருச்சா?" என்றாள் சௌந்தரி.

சாது யாரையும் பார்க்காமல் தன்னுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உப்பு எடுத்துவந்து அட்டையில் போடப் போனேன், வேண்டாம் என்று கையைப் பிடித்தார். சிறுத்தைதான். இந்த வருசம் சிறுத்தை நடமாட்டம் அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு பேராவது சொன்னார்கள்.

ஆகஸ்ட் 11

முதலாளியின் ஆள் வந்தான். மாடு பள்ளத்தில் விழுந்து இறந்ததாகவே இருக்கட்டுமாம், இனி யாரும் அதைத் தோண்ட வேண்டாமாம். இந்த வருசத்து வெசாக் மாட்டின் படம் போஸ்டரில் வந்துவிட்டதாம், காணாமல் போனது என்றால் சங்கத்துக்குக் கேவலமாம். இறந்த மாட்டின் பேரில் சாதுமாருக்கு ஒரு தானம் கொடுத்துவிட்டு, வருகிற பினர போயாவுக்கு இன்னொரு மாடு தருகிறார்களாம், அதுவும் எங்களுக்கே. துக்கத்திலிருக்கிற குடும்பம் என்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

தவராஜ் உடனே சரி என்றான். எதிலும் முந்திக்கொள்வான் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

தவராஜிடம் புது போன். பின்பக்கத்தில் மூன்று கண். சீட்டு விழுந்ததாம். எந்தச் சீட்டு என்று கேட்டேன், போன் பார்த்துக்கொண்டே "ஏதோ ஒண்ணு" என்றான். சௌந்தரி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் கழுவுவதை நிறுத்தினாள். டிலக்சி வெளியே போய்விட்டாள். அந்தக் காம்பிராவில் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

நான் கேட்டேன். "மாட்ட என்னடா செஞ்ச?"

அவன் பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். எத்தனை வருசமாக நம்புகிறேன். அவனுக்குப் பொய் சொல்லவும் சோம்பலாக இருந்திருக்கிறது.

"வித்துட்டேன். என்னா இப்ப? கீழ்ப்பாலத்துக்கு லொறி வந்துச்சு, ஏத்திவிட்டேன். அதுக்குப் புல்லு அறுத்து நீங்க சாகுறதப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"கசாப்புக்காடா?"

"பின்ன, கலியாணங்கட்டிக் குடுக்கவா?"

"சினை மாடுடா அது."

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்னப் பிள்ளையில் திருடித் தின்றுவிட்டு வந்து சிரிப்பானே, அதே சிரிப்பு. நான் அப்போதெல்லாம் அள்ளி முத்தம் கொடுத்திருக்கிறேன்.

"அதான் நீங்களே சொன்னீங்களே. தரகன் மொதல்ல வேணாம்னுதான் சொன்னான், எலும்பும் தோலுமா இருக்குன்னு. வயித்துல கைய வச்சுப் பாருன்னேன். எடை நல்லா நின்னுச்சு."

ஆகஸ்ட் 22

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 30

சௌந்தரி வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள், பழக்கத்தில். அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். நான் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் அதிகமாகக் கொதித்துவிட்டது, ஒருத்திக்கு மட்டும் என்றால் மிச்சம் வீணாகும்.

பினர போயாவுக்குச் சங்கத்துக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று அவளிடம் கேட்டேன்.

"உள்ளதச் சொன்னா என்னைப் பண்ணையில வச்சிருக்க மாட்டாங்க மாமி."

"தெரியும்."

"சொல்லாட்டி அடுத்த மாடும் லொறியில போகும்."

"அதுவும் தெரியும்."

"பெறகு என்னத்துக்கு என்னையக் கேக்குறீங்க?"

நல்ல கேள்வி. இருபது வருசத்தில் அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை.

செப்டம்பர் 7, பினர போயா

அதே மைதானம், அதே வெள்ளை உடுப்பு. இறந்த மாட்டின் பெரிய படம் ஒன்று, முன்னால் விளக்கு. படத்தில் மாட்டை விட முதலாளி பெரிதாக இருந்தார். அவருடைய தாயார் வெசாக்குக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், மாட்டின் புண்ணியமாம். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும். இரண்டு உயிரைத் தின்று எழுந்து உட்கார்ந்தவர், லேசில் படுக்கமாட்டார்.

புது மாடு செவலை. சின்ன வயசு. நிற்கத் தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து எல்லாரையும் பார்த்தது. மாலையில் இரண்டு பூவைத் தின்றுவிட்டது. தவராஜ் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நின்றான், சட்டைப் பையில் போன்.

கயிற்றைக் கொடுக்கும் முன் வீட்டில் மூத்தவள் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று மாஸ்டர் என் வாயருகே ஒலிவாங்கியை நீட்டினார்.

"நாலு வார்த்த நல்லதா சொல்லுங்க ஆச்சி. போன மாட்டப் பத்தி."

"சொல்றேன்" என்றேன். "போன மாடு பள்ளத்துல விழல. என் மகன் வித்துட்டான். கசாப்புக்கு வித்தான். வயித்துல கண்ணு இருக்குன்னு தெரிஞ்சே வித்தான். எங்க வீட்டுக்கு மாடு வேணாம்."

மாஸ்டர் எச்சில் விழுங்கிவிட்டுச் சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் வெள்ளை உடுப்புக்காரர்கள் கையைக் கூப்பி "சாது, சாது, சாது" என்றார்கள். முதலாளியின் பெண்சாதி கண்ணைத் துடைத்தார்.

எனக்குச் சிங்களம் தெரியாது என்று மாஸ்டருக்கு யார் சொன்னார்களோ. சந்தையில் நாற்பது வருசம் மரக்கறி விற்றவள் நான். மாட்டை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லையாம். புது மாட்டைப் பெற்ற பிள்ளையாக வளர்ப்பேனாம். முதலாளி நூறு வயது இருக்க வேண்டுமாம்.

ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். விலை பேசுகிற சிங்களத்தில், விலை பேசுகிற சத்தத்தில் நானே சொன்னேன்: மாடு விழவில்லை, மகன் விற்றான், சினை மாடு, இறைச்சிக்கு. இந்த நாலு சேதியும் சந்தையில் தினம் புழங்குகிறவை, ஒரு சொல்லுக்கும் நான் தடுமாறவில்லை.

அந்தத் தடவை யாரும் சாது சொல்லவில்லை.

முதலாளிதான் முதலில் சிரித்தார். "ஆச்சிக்கு வயசு போயிட்டது" என்று நல்ல தமிழில் சொன்னார், தமிழாக்கம் இல்லாமலே. கோழி வாங்க வருகிறவர்களிடம் பழகின தமிழ். தவராஜ் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தான்.

"கெழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மாடு செத்ததுலருந்து இப்படித்தான் ஒளறுது. நீங்க கயித்தக் குடுங்க சேர்."

யூனியன் தலைவர் தலையாட்டினார். மாஸ்டர் தலையாட்டினார். போட்டோக்காரன் எனக்குப் பைத்தியம் என்பதற்கு ஒரு படம் எடுத்துக்கொண்டான். இத்தனை பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடும் போல இருந்தது.

அப்போது சௌந்தரி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். அவளுடைய முதலாளி அங்கேதான் நிற்கிறார், அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாயைத் திற என்று நான் சொல்லவில்லை.

"மாமிக்கு ஒண்ணும் ஆகல. நெசமாத்தான் சொல்றாங்க. மாட்ட லொறியில ஏத்துனது நான் வேல செய்ற பண்ணையில எல்லாருக்கும் தெரியும்."

தவராஜ் அவளை அறையக் கையை ஓங்கினான். ஓங்கின கைக்கும் அவளுக்கும் நடுவில் சுமன சாது நின்றார். எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாரோ, பருத்த ஆள். போதனை செய்யவில்லை. முதலாளியின் கையிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டார். செவலை பயந்து அவருடைய காலை மிதித்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்திருப்பேன், இன்னொரு நாளாக இருந்தால். கயிற்றை விடவில்லை. நொண்டிக்கொண்டே மாட்டைக் கூட்டிக்கொண்டு பன்சலைப் பாதையில் இறங்கினார். "மெதுவா வாங்க, மெதுவா வாங்க" என்று மாட்டிடம் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். அது தமிழ் மாடு என்று நினைத்தாரோ என்னவோ.

டிலக்சி பின்னாலேயே ஓடினாள், மாட்டை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க.

செப்டம்பர் 8

சௌந்தரியை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எறும்புக்கு வழிவிடுகிற மனுசர். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு மானாப் புல் அறுக்கப் போனாள், பன்சலைக்குக் கொண்டுபோய்ப் போட. போகும்போது "வாறீங்களா மாமி?" என்றாள். போனேன். சாது கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். மாடு அவருடைய காவித்துணி காய்ந்த கொடிக்குக் கீழே நின்று ஒரு முனையைச் சப்பிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தவராஜ் வந்து சோறு கேட்டான். போட்டேன். பருப்பு, முட்டைக்கோவா சுண்டல், பொரித்த மிளகாய். குழம்பை அவனுக்குப் பிடித்த மாதிரி மேலாக ஊற்றினேன். அவன் கோபத்தோடு தின்றான்.

அவன் எழுந்து போனதும் டிலக்சி வந்து என் மடியில் சாய்ந்தாள்.

"அப்பாயி, எல்லா உயிர் மேலயும் கருண வைக்கணும்னு போதனையில சொன்னாங்கள்ல? அப்பாவும் ஒரு உயிர்தானே?"

"உயிர்தான். அதனாலதான் சோறு போட்டேன்."

"அப்ப மன்னிச்சிட்டீங்களா?"

பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

அரியதாச முதலாளி வியாபாரி. பண்ணையில் சேர்த்ததைப் பன்சலையில் செலவழிக்கிறார். அவரைத் திட்டித் திட்டி ஒருநாள் அலுத்துப்போய் விட்டுவிடுவேன். தரகன் எவனோ, முகம்கூடத் தெரியாது. மாஸ்டர் பயந்த மனுசர், பயந்தவர்மேல் எத்தனை நாள் கோபம் வைப்பது? என் மகனுக்குப் பசித்தால் சோறு போடுவேன், காய்ச்சல் வந்தால் கசாயம் வைப்பேன், நான் செத்தால் அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும், வைக்கட்டும். ஆனால் என் உள்ளங்கையில் உதைத்த ஒன்றை நான் சந்தோசம் தாங்காமல் ஒரே ஒருத்தனிடம் சொன்னேன், அவன் அதைத் தராசில் வைத்தான். நான் மன்னிக்கவே மாட்டேன் என்பது அவன் ஒருத்தனைத்தான், என் வயிற்றில் பிறந்த தவராஜை.